இரண்டு பணமும் ஓர் அறை வாடகையும்



நம்முடைய பேச்சில் ‘ஓட்டல்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இட்லியும் காப்பியும் கிடைக்கும் கடையையும் ஓட்டல் என்கிறோம். வெளியூரில் வாடகை கொடுத்துத் தங்கும் இடத்தையும் ஓட்டல் என்கிறோம். முதலாவது ஓட்டலுக்குள் நுழைகிறவரைக் கண்டால் அவர் பசித்தவர் என்று எண்ணுகிறோம். இரண்டாவது ஓட்டலில் இறங்குகிறவரைக் கண்டாலோ அவர் வசதியுள்ளவர் என்று எண்ணிவிடுகிறோம். அந்த இரண்டாவது எண்ணத்தைக் குறித்தே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

வருகிற சேகர கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வாசிக்கப்பட இருக்கிறது. நம் சபையின் மருத்துவ உதவி நிதியை இனி மருத்துவமனை ரசீதுக்கு மாத்திரமே கொடுக்கவேண்டும், தங்கும் செலவுக்கும் சாப்பாட்டுச் செலவுக்கும் கொடுக்கலாகாது என்பதே அதன் சாரம். அதைக் கொண்டுவருகிறவர்கள் நல்ல எண்ணம் உடையவர்கள். சபையின் பணத்தைத் தங்கள் சொந்தப் பணத்தைவிடக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுகிறவர்கள். ஆயினும் அந்தத் தீர்மானம் தவறானது என்பது என் கருத்து. கூட்டத்தில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய காரியமாக இது இல்லாததினால், முன்னதாகவே உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

தீர்மானத்திற்குக் காரணம் ஒரு புகைப்படம். நம் சபைக் குடும்பம் ஒன்று, இரத்தப் புற்றுநோய் கண்ட தங்கள் ஒன்பது வயது மகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தது. தகப்பனார் தையற்கடை வைத்திருப்பவர். தாயார் பீடி சுற்றுகிறவர். ஆச்சியும் உடன் சென்றிருந்தார்கள். சபையிலிருந்து 25,000 ரூபாய் கொடுத்தோம். சில நாட்களுக்குப் பின் அந்தப் பிள்ளையின் பிறந்தநாள் வந்தது. வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலில் தொப்பி அணிந்து உட்கார்ந்து, முன்னால் சிறிய கேக் ஒன்றை வைத்துக்கொண்டு பிள்ளை சிரிக்கும் படத்தைத் தாயார் உறவினருக்கு அனுப்பினார். பின்னால் சுவரில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. அந்தப் படம் வாட்ஸ்அப்பில் கைமாறி நம் ஊர் முழுவதும் வலம் வந்தது. “காணிக்கைப் பணத்தை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே ஓட்டல் எடுத்துத் தங்கியிருக்கிறார்கள்” என்ற பேச்சும் அதோடு சேர்ந்து வந்தது. அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடும், அவர்கள் வாசித்துப் பார்த்த பின்புமே இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

பிரியமானவர்களே, முதலாவது அந்த ஓட்டலை அறிந்துகொள்வோம். வேலூரில் அந்த மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தவர்களுக்கு இது தெரியும். காந்தி ரோட்டிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் வரிசையாகத் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. பெயர்ப்பலகைகளில் தமிழோடு வங்காள எழுத்தும் இந்தி எழுத்தும் காணப்படும். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, வங்காளதேசம் என்று தூரதேசங்களிலிருந்து வருகிற குடும்பங்கள் அங்கே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குகின்றன. அடுப்பும் பாத்திரமும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். மாடிப்படியில் ஏறினால் கடுகெண்ணெய் வாசனை வரும். வராந்தாவில் துவைத்த துணிகள் தொங்கும். அங்கே தங்குகிறவர்களில் உல்லாசப் பயணிகளைக் காண்பது அரிது. பரிசோதனை முடிவுக்கும் அடுத்த மருந்துக்கும் காத்திருக்கிறவர்களே அதிகம். ‘வசதியான இடத்தில் அமைந்துள்ளது’ என்று விடுதிகள் தங்களைக் குறித்து விளம்பரம் செய்வது வழக்கம். மற்ற ஊர்களில் அதற்குக் கடற்கரை பக்கம், கடைவீதி பக்கம் என்று பொருள். வேலூரில் அதற்கு, இரத்தம் எடுக்கும் இடம் பக்கம், அவசர சிகிச்சைப் பிரிவு பக்கம் என்று பொருள்.

1900-ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு அங்கே வைத்தியம் தொடங்கினார்கள். பிரசவ வேளையில் மூன்று பெண்கள் ஒரே இரவில் உதவியின்றி மரித்துப்போனதே அவர்களை மருத்துவப் படிப்புக்குத் தள்ளிய சம்பவம் என்பதை ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்த மூன்று வீடுகளும் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குத் தொலைவில் இல்லை. உதவிதான் தொலைவில் இருந்தது. அந்தத் தொலைவைக் குறைப்பதற்காகவே ஒரு மருத்துவமனை எழும்பியது. இன்றைக்கும் நோயாளியின் குடும்பம் போராடுவது அதே தொலைவோடுதான்.

இனி கணக்குக்கு வருவோம். தகப்பனார் நாற்பது பக்க நோட்டுப்புத்தகம் ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். நான் கேளாமலேயே அதைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். அவர்கள் தங்கியது 47 நாட்கள். எதிர்ச்சாரி விடுதியில் ஓர் அறைக்கு நாள் வாடகை 850 ரூபாய். மொத்தம் 39,950 ரூபாய். ஆறு கிலோமீட்டர் தள்ளி 450 ரூபாய்க்கு ஓர் அறை இருந்தது. அதற்கு 47 நாளைக்கு 21,150 ரூபாய் ஆகியிருக்கும். ஆனால் அந்த 47 நாட்களில் 31 நாட்கள் அவர்கள் மருத்துவமனைக்குப் போகவேண்டியிருந்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளையை நெரிசலான பேருந்தில் ஏற்றக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஆட்டோவுக்குப் போக 200, வர 200 என்று வைத்தால் 31 நாளைக்கு 12,400 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 33,550 ரூபாய். ஆக, எதிரிலேயே தங்கியதனால் அவர்கள் அதிகமாகச் செலவழித்தது 6,400 ரூபாய். நாளொன்றுக்கு ஏறக்குறைய 136 ரூபாய். ஊர் முழுவதும் பேசிய உல்லாசத்தின் விலை இதுதான்.

அந்த 136 ரூபாய்க்கு என்ன கிடைத்தது என்பதையும் கேளுங்கள். புற்றுநோய் மருந்து ஏறும் நாட்களில் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துபோகும். அப்போது காய்ச்சல் கண்டால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. வெப்பமானியில் 100.4 டிகிரி காட்டினாலே, இரவா பகலா என்று பாராமல் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது என்று மருத்துவர்கள் பெற்றோருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். ஏற்றவேண்டிய மருந்தை ஒரு மணி நேரத்திற்குள் ஏற்றிவிடவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். முப்பதாம் நாள் இரவு ஒன்றரை மணிக்கு அந்தப் பிள்ளைக்கு 101 டிகிரி காய்ச்சல் வந்தது. தகப்பனார் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையைக் கடந்தார். பத்து நிமிடத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தார்கள். “ஐயரே, செருப்புப் போடக்கூட நேரமில்லை, ஆனால் செருப்புத் தேவைப்படுகிற தூரமும் இல்லை” என்று தாயார் என்னிடம் சொன்னார்கள். ஆறு கிலோமீட்டர் தள்ளி, தெரியாத ஊரில், மொழி தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரை அந்த ஜாமத்தில் எங்கே தேடியிருப்பார்கள்? அவர் கிடைக்கும் வரையில் அந்த ஒரு மணி நேரம் காத்திருக்குமா?

இதைப் பிள்ளை பிழைத்தது அறையினால்தான் என்று சொல்லுவதற்காக எழுதவில்லை. ஜீவன் கர்த்தருடைய கரத்தில் இருக்கிறது. ஆனால் அருகிலிருக்கும் அறை ஆடம்பரம் அல்ல, அது சிகிச்சையின் ஒரு பங்கு என்பதையே சொல்லுகிறேன். மருந்துக்குப் பணம் கொடுப்போம், மருந்து இருக்கும் இடத்திற்குப் போய்ச் சேரும் வழிக்குக் கொடுக்கமாட்டோம் என்று சொன்னால், வாளியைக் கொடுத்துவிட்டுக் கயிற்றைக் கொடாதவர்கள் ஆவோம்.

வேதத்தைத் திறந்து பார்ப்போம். நல்ல சமாரியனின் உவமை நமக்கு நன்றாகத் தெரியும். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழி ஏறக்குறைய 27 கிலோமீட்டர்; ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான இறக்கம்; கள்ளர் பதுங்குவதற்கு ஏற்ற பாறைவழி. அதிலே குற்றுயிராய்க் கிடந்த ஒருவனுக்குச் சமாரியன் செய்த உதவிகளை எண்ணிப்பாருங்கள். காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். அவை அவனிடத்திலேயே இருந்தவை. தன் வாகனத்தின்மேல் ஏற்றினான், அதுவும் அவனுடையது. அந்தக் கதையிலே பணமாக எடுத்துக் கொடுக்கப்பட்டது ஒரே ஒரு காரியத்திற்குத்தான். சத்திரக்காரனுக்கு, அதாவது தங்கும் செலவுக்கும் பராமரிப்புக்கும், இரண்டு பணம். திராட்சத்தோட்டத்தின் உவமையிலே ஒரு வேலையாளின் ஒருநாட்கூலி ஒரு பணம் என்று காண்கிறோம். அப்படியானால் சமாரியன் முன்னதாகக் கொடுத்தது இரண்டு நாட்கூலி. கிறிஸ்தவ உலகம் இரக்கத்திற்கு அடையாளமாகப் போற்றும் அந்தப் பணம், நம் தீர்மானத்தின்படி பார்த்தால், நிராகரிக்கப்படவேண்டிய ரசீது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று அவன் கணக்கைத் திறந்தே வைத்துவிட்டுப் போனான். சத்திரக்காரன் ஏமாற்றுவானோ என்றும், காயப்பட்டவன் தேவைக்கு அதிகமாகத் தங்குவானோ என்றும் அவன் சந்தேகப்பட இடமிருந்தது. அந்தக் காலத்துச் சத்திரங்களுக்கு நல்ல பெயரும் இல்லை. ஆயினும் அவன் நம்பிக் கொடுத்தான்.

‘சத்திரம்’ என்ற சொல்லைக் குறித்து இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. நம்முடைய தமிழ் வேதாகமத்தில், மரியாளும் யோசேப்பும் பெத்லகேமுக்கு வந்தபோது இடமில்லாதிருந்த இடமும் சத்திரம். காயப்பட்டவன் கொண்டுபோகப்பட்ட இடமும் சத்திரம். கிரேக்க மூலத்தில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். பெத்லகேமில் லூக்கா எழுதுவது ‘கட்டாலுமா’ என்ற சொல். அது வீட்டோடு சேர்ந்த விருந்தினர் அறையையும் குறிக்கும். கடைசி இராப்போஜனம் நடந்த அறைக்கும் அதே சொல்லையே அவர் எழுதுகிறார். எரிகோ வழியிலோ அவர் எழுதுவது ‘பன்டொகேயோன்’. எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் இடம் என்பது அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். உறவின்முறையான வீட்டு அறை நிரம்பியிருந்தது. வாடகைக்கு எல்லாரையும் ஏற்கும் இடமோ திறந்திருந்தது. உறவினர் வீடுதான் உத்தமம், வாடகை அறை உலகத்திற்குரியது என்று எண்ணும் நமக்கு, லூக்கா இந்த இரண்டு காட்சிகளையும் ஒரே புத்தகத்தில் எழுதி வைத்திருப்பது யோசிக்கத்தக்கது.

சபையின் வரலாறும் இதையே காட்டுகிறது. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள செசரியா பட்டணத்தின் பேராயராயிருந்த பசிலியு, ஏறக்குறைய 370-ஆம் ஆண்டளவில் ஊருக்கு வெளியே ஒரு பெரிய தர்மசாலையை எழுப்பினார். ஏழைகளும் நோயாளிகளும் மாத்திரமல்ல, வழிப்பயணிகளும் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். வைத்தியம் ஓரிடம், தங்குதல் வேறிடம் என்று அவர் பிரிக்கவில்லை. ஹாஸ்பிட்டல், ஹோட்டல் என்று இன்று நாம் சொல்லும் இரண்டு சொற்களுமே விருந்தினரைக் குறிக்கும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை. சொற்கள் பின்னாளில் பிரிந்தன. நோயாளியின் தேவை பிரியவில்லை.

நம்முடைய மண்ணும் இதை அறிந்தேயிருந்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியை நம்மில் பலர் அறிவோம். சுவார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பிலே கல்வி கற்றவர். தம்முடைய சத்திரங்களைக் குறித்து 1801-ஆம் ஆண்டு அவர் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், நோயுற்ற வழிப்போக்கருக்கு மருந்து கொடுப்பதும், பிரசவத்திற்கு நிற்கும் பெண்களைப் பராமரிப்பதும் அங்கே நடக்கும் தர்மங்களில் சேர்ந்தவை என்று விவரித்திருக்கிறார். சென்னையில் சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு எதிரே இராமசாமி முதலியார் சத்திரம் இருக்கிறது. ரயிலிலிருந்து இறங்கி மூட்டையோடு திகைத்து நிற்கும் ஏழைகளுக்காக, எதிரிலேயே இடம் பார்த்து ஒருவர் கட்டினார். அதே பக்கத்தில், 1664-இல் கோட்டைக்குள் தொடங்கப்பட்டு 1772-இல் இப்போதைய இடத்துக்கு வந்த அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. இராயபுரத்துப் பிரசவ மருத்துவமனையும் அதே முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சத்திரம் கட்டினவரின் கை மருத்துவமனைக்கும் நீண்டது. தர்மம் செய்கிறவன் இடத்தைத் தெரிந்தெடுத்துச் செய்யவேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

தீர்மானத்தை ஆதரிக்கிறவர்கள் என்னிடம் சொன்ன மூன்று நியாயங்களுக்கும் நான் மறுமொழி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலாவது, “இது ஏழைகளின் காணிக்கை, இரண்டு காசு போட்ட விதவைகளின் பணம், இதற்குக் கணக்கு வேண்டும்” என்கிறார்கள். முற்றிலும் உண்மை. கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாடகை ரசீதும் கணக்குத்தான். நாளொன்றுக்கு இவ்வளவு என்று ஓர் உச்சவரம்பு வைப்போம். மருத்துவரின் சீட்டில் குறித்த சிகிச்சை நாட்களுக்கு மாத்திரம் கொடுப்போம். வரம்பு வைப்பது ஞானம். ஆனால் அந்த விதவையிடத்தில் போய், “உங்கள் காசு ஒரு பிள்ளையை மருத்துவமனைக்கு எதிரே தூங்கவைத்தது” என்று சொன்னால், அந்த அம்மாள் வருத்தப்படுவார்களா, சந்தோஷப்படுவார்களா? பதில் உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது, “எங்கள் காலத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவிலே பாய் விரித்துப் படுத்து வைத்தியம் பார்த்தோம்” என்கிறார்கள். அந்தப் பாடுகளை நான் மதிக்கிறேன். ஆயினும் நாம் பட்ட பாட்டை அடுத்தவரும் படவேண்டும் என்று விதிப்பது இரக்கம் அல்ல. மும்பையில் பரேலிலுள்ள டாடா நினைவு மருத்துவமனையின் வெளியே, நடைபாதையிலேயே தங்கிப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கும் குடும்பங்களை இன்றும் காணலாம். மருந்து ஏறிய உடம்போடு தூசியிலும் மழையிலும் படுத்திருக்கும் பிள்ளைகள் அங்கே உண்டு. தங்க இடமில்லாமையும் பயணச் செலவும், பெற்றோர் சிகிச்சையை நடுவழியில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்புவதற்கு முக்கியக் காரணங்கள். அதைக் கண்டு மனம் நொந்தவர்கள் 2006-இல் அந்த நகரத்திலேயே செயின்ட் ஜூட் குழந்தைப் பராமரிப்பு மையத்தைத் தொடங்கினார்கள். சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளின் குடும்பத்திற்கு இலவசமாக அறையும் சமையல் வசதியும் கொடுப்பதே அதன் பணி. அவர்கள் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருக்கிற மருந்து வீணாகாதபடி ஓர் அறையைக் கொடுக்கிறார்கள்.

மூன்றாவது, “வேலூரிலும் சென்னையிலும் நம் சபைப் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்களே, அவர்கள் வீட்டில் தங்கலாமே” என்கிறார்கள். இது நல்ல வார்த்தை. உபசரிப்பு சபையின் பழைய வரம். அதை இழந்துபோகக் கூடாது. ஆனால் இரண்டு காரியங்களை நினைவில் வையுங்கள். தாம்பரத்திலுள்ள வீடு எவ்வளவு அன்பான வீடானாலும், நகரத்தின் மறுகோடியிலுள்ள மருத்துவமனைக்கு அது அருகாமை ஆகாது. அத்துடன், ஏழு வாரம் ஒருவர் வீட்டில் தங்குகிற நோயாளியின் தாயாருக்கு அழுவதற்கு ஓர் இடம் வேண்டும். இரவு மூன்று மணிக்கு வாந்தியைத் துடைக்கும்போது, விருந்தளிக்கிறவர் எழுந்துவிடுவாரோ என்று பயந்துகொண்டே துடைக்கும் நிலை வரக்கூடாது. வாடகை கொடுத்த அறையிலே கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை உண்டு. ஏழைக்கும் அந்த உரிமை தேவைப்படுகிற காலங்கள் உண்டு.

சூனேம் ஊர் ஸ்திரீயை நினைத்துப்பாருங்கள். எலிசா அடிக்கடி தங்கள் வழியாய்ப் போவதைக் கண்டு, மாடியிலே ஒரு சிறிய அறையைக் கட்டினாள். படுக்கை ஒன்று, மேஜை ஒன்று, உட்கார ஓர் ஆசனம், ஒரு விளக்கு. பெரிய மாளிகையை அவள் கட்டவில்லை. அவன் போகும் வழியிலே, அவனுக்குத் தேவையானதை வைத்தாள். பின்பு அவளுடைய ஒரே மகன் தலைநோவினால் அவள் மடியிலேயே மரித்தபோது, உதவி கர்மேல் மலையிலே இருந்தது. அவள் பிள்ளையைத் தீர்க்கதரிசியின் கட்டிலிலே கிடத்தி, கழுதைக்குச் சேணம் கட்டச் சொல்லி, எங்கும் நிறுத்தாமல் ஓட்டிப்போனாள். தூரத்தின் கொடுமையை அந்தத் தாய் அறிந்திருந்தாள். தீர்க்கதரிசியின் தூரத்தைக் குறைக்க அறை கட்டினவளே தன் பிள்ளைக்காக அந்தத் தூரத்தை ஓடவேண்டியதாயிற்று. நோயாளியின் குடும்பத்திற்கு நாம் கொடுக்கும் அறை வாடகை, அப்படிப்பட்ட ஒரு தாயின் ஓட்டத்தைக் குறைக்கும் பணம்.

இனி அந்தப் புகைப்படம். அதைக் குறித்து ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லவேண்டும். உதவி பெறுகிறவர்கள் உதவி பெறுகிறவர்களாகவே எப்போதும் காணப்படவேண்டும் என்ற ஓர் எதிர்பார்ப்பு நமக்குள் இருக்கிறது. அவர்கள் விரிப்பு அழுக்காயிருக்கவேண்டும்; பிள்ளை சிரிக்கக் கூடாது; சுவரில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கக் கூடாது. வெள்ளை விரிப்பு ஆடம்பரத்திற்காக விரிக்கப்பட்டதல்ல. கிருமி பிள்ளையைத் தொடாதபடி தாயார் நாள்தோறும் வெந்நீரில் துவைத்துப் போட்ட விரிப்பு. வெளியே போகக் கூடாத பிள்ளைக்குப் பகல் முழுவதும் துணையாயிருந்தது அந்தப் பெட்டி. பிறந்தநாள் கேக் பக்கத்து அறையில் தங்கியிருந்த வங்காளக் குடும்பம் வாங்கித் தந்தது. அவர்களுடைய மகனும் அதே நோய்க்குத்தான் வந்திருந்தான். பாஷை தெரியாத இந்துக் குடும்பம் ஒன்று நம் பிள்ளையின் பிறந்தநாளைக் கொண்டாடியது. சொந்தச் சபையார் அதன் படத்தை வைத்து விசாரணை நடத்தினார்கள். சமாரியன் யார் என்று நான் விளக்கவேண்டியதில்லை.

ஆகையால் தீர்மானத்திற்குப் பதிலாக நான் முன்வைப்பது இதுதான். மருத்துவ உதவி நிதியில், வெளியூர் சிகிச்சைக்குச் செல்லும் குடும்பத்திற்கு மருத்துவமனையிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் தங்கும் செலவுக்கு, வரம்போடு கூடிய ஒரு பங்கு சேர்க்கப்படவேண்டும். அவர்கள் புறப்படும் முன்னமே அது அவர்கள் கையில் இருக்கவேண்டும். கடன் வாங்கிச் செலவழித்துவிட்டு ரசீதோடு வந்து நிற்கும்படி விடலாகாது. அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் புகைப்படம் எடுக்காதிருக்கவேண்டும்.

இவ்வளவோடு நிறுத்தினால் நாம் பணம் கொடுத்துக் கடமையை முடித்துக்கொண்டவர்கள் ஆவோம். நமக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வேலூரில் நம் பிள்ளைக்கு அருகாமை தேடுகிற நாம், நம்முடைய ஊரில் யாருக்கு அருகாமையில் இருக்கிறோம்? பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தென்காசிப் பக்கத்து மலையடிவாரக் கிராமங்களிலிருந்தும், தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டு ஊர்களிலிருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். உள்ளே நோயாளிக்குப் படுக்கை உண்டு. துணைக்கு வந்த தகப்பனுக்கும் அண்ணனுக்கும் இல்லை. இரவிலே மரத்தடியிலும் நடைபாதையிலும் துண்டை விரித்துப் படுத்திருக்கிறவர்கள் அவர்கள்தான். அங்கிருந்து பத்து நிமிட நடையில் நம்முடைய சபை மண்டபம் இருக்கிறது. அதன் பின்கட்டில் இரண்டு அறைகள். கலியாணமும் கன்வென்ஷனும் இல்லாத நாட்களில் அங்கே மடக்கு நாற்காலிகள் தூங்குகின்றன.

நாற்காலிகளை ஒரு மூலையில் அடுக்கிவிடலாம். இரண்டு மின்விசிறி, ஆறு பாய், ஒரு குளியலறை, குடிதண்ணீர், சாவியை வைத்துக்கொள்ளப் பொறுப்புள்ள ஒருவர். இவ்வளவுதான் தேவை. எந்த மதம், எந்த ஜாதி என்று கேட்கவேண்டாம். மருத்துவமனைச் சீட்டைக் காட்டினால் போதும். வாலிபர் சங்கத்தார் முறை வைத்து இரவில் காவலிருக்க ஆயத்தமாயிருக்கிறார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார் காலையில் கஞ்சி காய்ச்சித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மண்டபத்தின் வாடகை வருமானம் குறையும் என்ற கவலைக்கு என் பதில், குறையட்டும் என்பதே. நகரத்தின் நடுவே, மருத்துவமனைக்கு அருகில், இவ்வளவு நல்ல இடத்தை நமக்கு முன்னோர் வாங்கி வைத்துப் போனார்கள். விடுதிக்காரர்கள் அப்படிப்பட்ட இடத்திற்கு அதிக வாடகை கேட்பார்கள். நாம் அதை இலவசமாகக் கொடுக்கக்கூடியவர்கள்.

அந்தப் பிள்ளை இப்போது வீட்டிலிருந்தே மருந்து எடுக்கிறாள். சிகிச்சை முழுவதும் முடிய இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செல்லும். குறித்த நாட்களில் மறுபடியும் வேலூருக்குப் போகவேண்டும். அடுத்த பயணம் வருகிற மாதம். அதற்கு முன்பாகக் கமிட்டி கூடுகிறது. கூட்டத்திற்கு வருகிறவர்கள் இரண்டு காரியங்களைச் செய்துவிட்டு வாருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தை வாசியுங்கள். அதன்பின் ஒரு மாலையில் ஹைகிரவுண்டுக்குப் போய், இரவு பத்து மணி வரையில் அந்த மரத்தடியில் நின்று பாருங்கள். அதற்குமேல் உங்கள் வாக்கை எப்படிச் செலுத்தவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

வழிப்போக்கரையும் வியாதியஸ்தரையும் மறவாத கர்த்தர் உங்கள் வீடுகளையும், உங்கள் வீட்டு வாசல்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.